முதல் வீடு இல்லாத படம்

ஆடி மாதத்தில் எங்களுக்கு வேலை கிடையாது. கல்யாணம் இல்லாத மாதத்தில் கல்யாண வீடியோக் கடைக்கு என்ன வேலை? கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாலைக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது எங்கள் கடை. கீழேயிருந்து மல்லிகை வாசமும், பக்கத்துச் சாப்பாட்டுக் கடையிலிருந்து மீன் பொரிக்கிற வாசமும் ஒன்றாக ஏறி வரும். நடுவில் நான், இரண்டு வீடியோ டெக், இரண்டு டிவி பெட்டி, ஒரு கழுத்து வலி. வருஷம் முழுக்க ஊரார் வீட்டுத் தாலிகட்டையே முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்து, நாதஸ்வரம் கேட்டாலே தலை வலிக்கிற நிலைக்கு வந்திருந்தேன். ஆடி ஒன்றுதான் எனக்கு மூச்சு விடுகிற மாதம். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருஷம், அந்த ஆடியையும் எங்கள் பாஸ் வாடகைக்கு விட்டுவிட்டார்.

எடுத்தது ஓர் அம்மையார். அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர், யாழ்ப்பாணத்துக் குடும்பம், அடுத்த தெருவிலேயே வீடு. ஏதோ ஒரு வெளிநாட்டு அறநிதியோடு பேசி ஒரு திட்டம் வாங்கி வந்திருந்தார். பூர்வகுடிகளான ஓராங் அஸ்லி மக்களின் கையிலேயே கேமராவைக் கொடுத்து, அவர்கள் கம்பத்தை, அதாவது கிராமத்தைப் பற்றி அவர்களே குறும்படம் எடுக்க வேண்டும். சொல்லிக் கொடுக்கவும் வெட்டி ஒட்டவும் ஆள் தேவை. ஆடியில் சும்மா இருக்கிற டெக்கும், ஆடியில் சும்மா இருக்கிற நானும் அவர் கண்ணில் பட்டோம்.

"மேடம், நான் கல்யாண கேசட் வெட்டுறவ. டாக்குமெண்டரிக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்?" என்றேன்.

"அதுக்கென்ன பிள்ளை, நீர் கெதியாப் பழகிடுவீர்," என்றார்.

பாஸ் என் முகத்தைப் பார்க்கவேயில்லை. "ஒரு மாசந்தானே லா," என்று சொல்லிவிட்டுக் கீழே டீ குடிக்கப் போய்விட்டார். இப்படித்தான் என் தலையில் கட்டினார்கள்.

முதல் வகுப்புக்குச் சிலர் வந்தார்கள். ஒருவருக்கு ஷா ஆலம் தொழிற்சாலையில் வேலை கிடைத்துப் போய்விட்டார். ஒருவருடைய ஊரில் கேமராவே ஆகாது என்று சொல்லிவிட்டார்களாம். மற்றவர்கள் ஏன் வரவில்லை என்று கேட்க எனக்குத் தெம்பு இல்லை. கடைசியில் மிஞ்சியது ஒரே ஒரு பெண். முப்பதைத் தாண்டியிருப்பாள். ஜெஞ்சாரோமைத் தாண்டி உள்ளே போனால் அவளுடைய கம்பம். எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டத்தில் உதிர்ந்த பழம் பொறுக்குகிற வேலை. காலையில் பழம் பொறுக்கிவிட்டு, கிள்ளான் வந்து, பஸ் மாறி, பிரிக்பீல்ட்ஸ் வந்து, எங்கள் படியேறுவாள். நாங்கள் பேசிக்கொண்டது மலாயில். மாலைக் கடைக்காரப் பெண்கள் கூப்பிடுவதைக் கேட்டுவிட்டு அவளும் என்னை அக்கா என்றே கூப்பிட ஆரம்பித்தாள். அந்த மலாய்ப் பேச்சையெல்லாம் நம் தமிழிலேயே எழுதிவிடுகிறேன்.

எதைப் பற்றிப் படம் எடுக்கப் போகிறாய் என்று கேட்டேன். அவள் சுற்றி வளைக்கவில்லை.

"எங்க அண்ணன் கையெழுத்துப் போட்டுட்டாரு அக்கா. அதை அவரே போய் வேணாம்னு சொல்லணும். அதுக்குத்தான் படம்."

விஷயம் இதுதான். ஒரு கம்பெனி அவர்கள் நிலத்தைக் கேட்டுக்கொண்டிருந்தது. உள்ளே சாலை போட வேண்டும், பிறகு செம்பனை. கம்பத்துக்குள் போக ஒரே பாதை. அந்தப் பாதையின் வாயிலில், ஊரின் முதல் வீடு அண்ணனுடையது. முதல் வீடு போனால் லோரி உள்ளே வரும். லோரி வந்தால் மற்ற வீடுகள் எத்தனை நாளைக்கு நிற்கும்? அண்ணன் யாரையும் கேட்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டார். பதிலுக்கு டவுன் பக்கம் ஒரு கல்வீடு. ஊரில் அவரோடு யாரும் பேசுவதில்லை. இவளும்தான். மாதம் முடிவதற்குள் அவராக ஷா ஆலமில் உள்ள நில அலுவலகத்துக்குப் போய் மனம் மாறிவிட்டேன் என்று சொன்னால் நிறுத்தி வைக்கலாம் என்று அங்கே ஓர் அதிகாரி சொல்லியிருந்தாராம். அதற்குள் படம் முடிய வேண்டும். ஊரே சேர்ந்து உட்கார்ந்து பார்த்தால் அண்ணன் மனசு இளகும் என்று இவளுக்கு ஒரு நம்பிக்கை. எனக்கு அந்த நம்பிக்கை துளிகூட இல்லை. ஆனால் அதை அவள் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது?

கேமராவை எடுத்துக்கொண்டு போனாள். பாதை வாயிலில் தொடங்கி வீடு வீடாக நடந்திருக்கிறாள். ஒவ்வொரு வீட்டின் முன்னாலும் குந்தி உட்கார்ந்து, அவர்களாகப் பேசும்வரை காத்திருந்து எடுத்திருக்கிறாள். கேசட்டுகளைக் கொண்டுவந்து என் மேசையில் அடுக்கியபோது எனக்கு அழுகையே வந்தது. கல்யாணத்தில்கூட இவ்வளவு எடுக்க மாட்டார்கள். இதில் பாதிக்கு மேல் கோழி மேய்கிறது, புகை போகிறது, யாரோ வெற்றிலையைத் தேடுகிறார்கள்.

"இத்தனை பேரையும் வைக்க முடியாதும்மா. கொஞ்சம் பேரை எடுத்துடலாம்," என்றேன்.

அவள் அசையவில்லை. "எங்க ஊர்ல வேட்டையில பன்னி கிடைச்சா எல்லா வீட்டுக்கும் பங்கு போகும் அக்கா. துண்டு சின்னதா இருக்கலாம். ஒரு வீட்டைத் தாண்டிப் போகக் கூடாது. தாண்டினா அந்த வீட்டுக்கு ஏதாச்சும் கெடுதல் வரும்னு சொல்வாங்க. படமும் அப்படித்தான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏனென்றால் இது எங்கள் தொழில் சட்டம். கல்யாண கேசட்டில் மாப்பிள்ளை கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தால்கூட மன்னிப்பார்கள். பெரியம்மா வீட்டு மூன்றாவது மருமகனை விட்டுவிட்டால் போச்சு. வருஷக்கணக்காகப் பேச்சுவார்த்தை இல்லாத சித்தப்பாவைக்கூட, பந்தியில் இலைக்குப் பின்னால் பாதி முகமாவது காட்டியே தீர வேண்டும். இல்லையென்றால் கேசட்டைக் கடையில் வீசிவிட்டுப் போவார்கள். "நாங்கள்லாம் மனுசங்களாத் தெரியலையா?" என்று படியில் நின்று கத்துவார்கள். அந்தக் கத்தலை வாங்குகிறவள் நான்.

ஆக, இரண்டு பேரும் சேர்ந்து எல்லா வீட்டையும் சின்னச் சின்னத் துண்டாக வைப்பது என்று முடிவு செய்தோம். கண் எரிய எரிய உட்கார்ந்து வெட்டினோம். மதியம் கீழே போய் ஒரு ரொட்டி சானாய், திரும்ப மேலே. என் வீடு கம்போங் மேடான் அடுக்குமாடியில் ஏழாவது மாடி. லிப்ட் பாதி நாள் வேலை செய்யாது. வேலை முடிந்து படியேறும்போதெல்லாம், ஆடியிலாவது மனுசியை விட மாட்டார்களா என்று வாய்விட்டே புலம்பியிருக்கிறேன்.

அண்ணனின் கேசட்டை அவள் கடைசியாகத்தான் போட்டாள்.

நாற்பதைத் தாண்டிய மனிதர். வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்தார். கேமராவை நேராகப் பார்த்து, பள்ளிக்கூடத்தில் நிற்கிற மாதிரி கையைக் கட்டிக்கொண்டு பேசினார். மழையில் மனைவிக்குப் பிரசவ வலி வந்தது. மோட்டார் சைக்கிளில் உட்கார வைத்துக் கட்டிக்கொண்டு போனார். சேற்றில் வண்டி நகரவில்லை. பெரிய சாலைக்குப் போவதற்குள் தாயும் போய்விட்டாள், பிள்ளையும் போய்விட்டது. "எனக்குக் கல்வீடு வேணாம். பாதைதான் வேணும். பாதை வேணும்னா கையெழுத்துப் போடுன்னாங்க. போட்டேன்." பிறகு கேமராவுக்குப் பின்னால் நின்ற தங்கச்சியிடம், "நான் செஞ்சது தப்பா?" என்று கேட்டார். பதில் வரவில்லை. படம் லேசாக ஆடுகிறது, அவ்வளவுதான். எத்தனையோ மணப்பெண்ணின் அழுகையைக் கொட்டாவி விட்டுக்கொண்டே வெட்டி ஒட்டியவள் நான். அன்றைக்கு எனக்குக் கை ஓடவில்லை.

அம்மையார் வந்து பார்த்தார். பத்து நிமிஷத்துக்கு மேல் போகக் கூடாது என்பது அறநிதிக்காரர்களின் சட்டமாம். எல்லா வீட்டையும் பார்த்துத் தலையாட்டினார். அண்ணன் வந்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இந்த ஆள் சொல்லுறதும் நியாயமாத்தான் கிடக்கு. அதுதான் பிரச்சினை. பாக்கிற ஆக்களுக்கு ஆர் பக்கம் நிக்கிறதெண்டு விளங்காது. இவரை எடுத்துவிடும், பிள்ளை."

சரி, இவள் சண்டை போடுவாள் என்று நான் காத்திருந்தேன். பன்னிப் பங்கு கதையைச் சொல்வாள் என்று நினைத்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டே, "எடுத்துடுங்க அக்கா," என்றாள்.

அம்மையார் போகும்வரை பொறுத்துக்கொண்டு, பிறகு பிடித்துக்கொண்டேன். "உனக்கு என்ன கிறுக்கா? யாருக்காகப் படம் எடுத்தியோ அவரையே எடுத்துடச் சொல்ற!"

"ஊர்ல அவரைக் கண்டபடி திட்டுறாங்க அக்கா. படத்துல வந்தா டிவியைப் பார்த்துத் திட்டுவாங்க. பொண்டாட்டி செத்ததை அவரு சொல்லும்போதே யாராச்சும் ஏசினா நான் என்ன செய்வேன்? என் படத்துல அவரு ஏச்சு வாங்க வேணாம். மத்தவங்க பேசுறதை யாராச்சும் போய்ச் சொல்லி அவரு கேட்டாலே போதும். அவரு எப்படியும் மண்டபத்துக்கு வரமாட்டாரு."

"பேச வைக்க வேணாம்மா. வீட்டையாவது காட்டு. அவரு நடந்து போறதையாவது காட்டு. கல்யாண கேசட்ல பேச்சுவார்த்தை இல்லாத சித்தப்பனைக் காட்டுற மாதிரி பாதி முகமாவது போதும். விட்டுட்டா வம்பு. நான் சொல்றதைக் கேளு, இதுல நான் பட்டவ."

"வீட்டைக் காட்டினா அவரைக் கேப்பாங்க," என்றாள். பிடிவாதத்தில் அவளும் எனக்குச் சளைத்தவள் இல்லை. அவள் படம். அவள் சொன்னபடி வெட்டினேன். ஆத்திரத்தில் அன்றைக்குச் சாப்பிடக்கூட இல்லை.

மாதக் கடைசி நெருங்கியபோது ஊரில் படம் போட்டோம். கடை வேனில் பெரிய டிவி பெட்டியை ஏற்றிக்கொண்டு நான்தான் ஓட்டிப் போனேன். பெடரல் ஹைவேயில் நெரிசல், பக்கத்து இருக்கையில் அம்மையாரின் பேச்சு, ஜெஞ்சாரோமுக்கு அப்புறம் சேறு. அந்தச் சேற்றில் வேன் இரண்டு தடவை புதைந்து எழுந்தபோது எனக்கு அந்த மோட்டார் சைக்கிள்தான் ஞாபகம் வந்தது. ஊர் மண்டபம் பலகைக் கட்டடம். மதிய வெளிச்சம் வராமலிருக்க ஜன்னலில் சாக்குகளைத் தொங்கவிட்டு, ஜெனரேட்டரைப் போட்டு, நான் ஒயரைச் செருகிக்கொண்டிருந்தேன்.

பின்னாலிருந்து யாரோ கனைத்தார்கள். திரும்பினால் அண்ணன்.

தலைமுடியைத் தண்ணீர் வைத்துப் படிய வாரியிருந்தார். தேய்த்த முழுக்கைச் சட்டை. சேற்றுக்காகச் சப்பாத்தைக் காலிலிருந்து கழற்றிக் கையில் பிடித்திருந்தார். எங்கள் ஆட்களும் கேசட் பார்க்க இப்படித்தான் உடுத்திக்கொண்டு வருவார்கள், தன்னைப் பார்க்கப் போகிற சந்தோஷத்தில்.

"நீங்கதானே கோலாலம்பூர் அக்கா?" என்று மெல்லக் கேட்டார். "நான் பேசினது நல்லா வந்திருக்கா? ரொம்ப நேரம் பேசிட்டேன். எல்லாத்தையும் வச்சிருக்காளா?"

ஐயோ, எனக்கு அப்போதே செத்துப்போகலாம் போல இருந்தது. "நல்லாப் பேசினீங்க அண்ணே," என்றேன். அது பொய்யில்லை. உடனே குனிந்து மறுபடி ஒயரைச் செருகத் தொடங்கிவிட்டேன்.

அவர் போய்ப் பின் சுவரோரம் நின்றார். மண்டபத்துக்கு வெளியே தங்கச்சியைத் தேடிப் பிடித்தேன். அவளும் பார்த்துவிட்டாள். நிறுத்திவிடலாமா, மெஷின் கெட்டுப்போச்சு என்று சொல்லிவிடலாமா என்று கேட்டேன். அவள் பதில் சொல்வதற்குள் அம்மையார் உள்ளேயிருந்து, "தொடங்கும் பிள்ளை, எல்லாரும் பாத்துக்கொண்டிருக்கினம்," என்று குரல் கொடுத்தார். அண்ணன் இருக்கிற கேசட் பிரிக்பீல்ட்ஸில் என் அலமாரியில் கிடந்தது. என்ன செய்ய முடியும்?

படம் தொடங்கியது. பாதை வந்ததும் ஒரே கூச்சல். தங்கள் மரத்தைக் கண்டு ஒருத்தி கைதட்டினாள். பாதையிலிருந்து படம் நேராக இரண்டாவது வீட்டுக்குப் போனது. முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண் சத்தமாகவே கேட்டுவிட்டாள். "முதல் வீடு எங்கே?"

ஒன்றிரண்டு தலை பின்னால் திரும்பியது. சிரிப்பு அடங்கிப் போய்விட்டது. படம் பாட்டுக்கு வீடு வீடாக ஏறிப் போய்க்கொண்டிருந்தது. அந்த மனிதர் போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. கடைசி வீடு வரைக்கும் நின்றார். ஒருவேளை முடிவில் வருவோமோ என்று காத்திருந்தாரோ என்னவோ. படம் முடிந்தது. அம்மையார் மட்டும் கை தட்டினார்.

அண்ணன் தங்கச்சியிடம் வந்தார். கோபமாகப் பேசவில்லை. கோபமாகப் பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நாளைக்கு உன்கூட ஷா ஆலம் வரலாம்னுதான் வந்தேன். கையெழுத்து வேணாம்னு சொல்லிடலாம்னு. நான் பேசினதைக் கேட்டா ஊருக்கும் புரியும்னு நெனச்சேன்," என்றார். "ஊர்லயே இல்லாதவன் எதுக்கு அங்க வரணும்?"

சப்பாத்தைக் கையில் பிடித்தபடியே சேற்றில் இறங்கி நடந்தார். அவள் பின்னால் ஓடினாள். அவள் சொன்னது எதுவும் எங்களுக்குக் கேட்கவில்லை. அவர் நின்று கேட்கவும் இல்லை.

திரும்பி வரும் வழியெல்லாம் அம்மையார் படத்தை அறநிதிக்காரர்களின் போட்டிக்கு அனுப்புவது பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். அவர் மேல் எனக்கு இன்றைக்கும் வன்மம் இல்லை, நல்லது செய்ய நினைத்தவர்தான். ஆனால் அன்றைக்குக் கிள்ளான் தாண்டும்வரை நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் நல்ல வார்த்தை வந்திருக்காது.

ஆவணி பிறந்தது. கடையில் தாலிகட்டு கேசட்டுகள் மலையாகக் குவிந்தன. ஒரு நாள் அவள் படியேறி வந்தாள். மாதக் கடைசி தாண்டிப் போய்விட்டிருந்தது. அண்ணன் ஷா ஆலமுக்குப் போகவில்லை.

"அவரை முதல்ல போடணும் அக்கா. அவரு பேசினது பூராவும்."

இப்போது மாதிரி அந்தக் காலத்தில் நடுவில் எதையும் செருகிவிட முடியாது. முன்னால் ஒன்றைச் சேர்த்தால், அதற்குப் பின்னால் உள்ளதையெல்லாம் முதலிலிருந்து திரும்ப ஒட்டியாக வேண்டும். கல்யாண வேலைக்கு நடுவில் எங்கே நேரம்? இருந்தாலும் உட்கார்ந்தேன். பாஸ் வள்ளென்று விழுந்தார். "என்னை வேலையை விட்டுத் தூக்குங்க லா, நிம்மதியா வீட்டுல படுக்குறேன்," என்று நானும் விழுந்தேன். அவர் தூக்கவில்லை. ஆவணியில் எங்கே ஆள் கிடைக்கும்?

அண்ணன் பேச்சில் ஓர் இடத்தையும் நான் வெட்டவில்லை. "நான் செஞ்சது தப்பா?" என்று கேட்டபின் வருகிற மௌனத்தையும் அப்படியே வைத்தேன். படம் பத்து நிமிஷத்தைத் தாண்டிப் போனதால் அம்மையாரின் போட்டிக்கு ஆகாது. ஆகாமல் போகட்டும்.

பந்திங்கில் ஒரு கல்யாணம் என்று பாஸிடம் புளுகிவிட்டு வேனை எடுத்துக்கொண்டு போனேன். முதல் வீடு இருந்த இடத்தில் செம்மண் மட்டும் கிடந்தது. டுரியான் மரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். லோரி போய் வந்துகொண்டிருந்தது. முதல் வீடு போன பிறகு எதற்கு என்று அடுத்த இரண்டு வீட்டாரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அதில் ஆளுக்கு ஆள் சண்டை. அவள் வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டாள். அந்தப் படத்தைப் பார்த்துத்தானே இப்படியாச்சு என்று ஒரு வீட்டில் கதவைச் சாத்தினார்களாம். மண்டபத்தில் நாங்கள் இரண்டு பேர்தான். வாசலில் ஒரு நாய்.

"போடுங்க அக்கா," என்றாள்.

போட்டேன். வெறும் பாயைப் பார்த்துக்கொண்டு டிவியில் அண்ணன் பேசினார். அவள் கடைசிவரை பார்த்தாள்.

பிறகு டிவியை மறுபடி ஏற்றிக்கொண்டு அண்ணனின் கல்வீட்டுக்குப் போனோம். டவுன் ஓரத்தில் வரிசை வீடு, வீட்டு முன்னாலேயே தார்ச்சாலை. எங்களைப் பார்த்ததும் உள்ளே வரச் சொல்லவுமில்லை, போகச் சொல்லவுமில்லை. நான் பாட்டுக்கு உள்ளே போய் ஒயரைச் செருகினேன். சாமான் எதுவும் இல்லாத வீடு. மூன்று பேரும் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தோம்.

முதல் வீடு வந்தது, படி வந்தது, அவர் வந்தார். தன் கேள்வியைத் தானே கேட்டபோது தலையைக் குனிந்துகொண்டார். மற்ற வீடுகள் ஒவ்வொன்றாக வந்து போயின. முடிந்ததும் தங்கச்சி பக்கம் திரும்பினார்.

"இதை ஊர்ல போட்டியா?"

"போட்டேன்."

"எல்லாரும் வந்தாங்களா?"

அவள் என் பக்கம் திரும்பவேயில்லை.

"எல்லாரும் வந்தாங்க அண்ணே. உட்கார இடம் பத்தல."

அவர் மெல்லத் தலையாட்டினார். பிறகு என்னைப் பார்த்து, இன்னொரு தடவை முதலிலிருந்து போட முடியுமா என்று கேட்டார்.